கெத்தும் இலையைப் பற்றி மகனிடம் சொல்லிவிட்டேன்

என் அன்பான இஞ்சாருங்கோ,

பெயர் சொல்லிக் கூப்பிட்டுப் பழகவில்லை, இனியும் வராது. நீங்கள் கண்மூடி இது இரண்டாவது மாரி. கோபிக்காமல் கேளுங்கோ. பிள்ளைகளுக்குச் சொல்லாதே என்று என்னிடம் வாங்கிய சத்தியத்தை நேற்று உடைத்துவிட்டேன்.

சின்னவன் முதுகுவலியோடு வேலைக்குப் போய்வருகிறான். அவனுடைய குசினியில் ஒரு பச்சைப் பவுடர்ப் பை கிடந்தது. இணையத்தில் வாங்கினானாம், கிராட்டம் என்றான். மணந்து பார்த்தேன். அது நீங்கள் குடித்த கெத்தும் இலைதான்.

"இலைதானே அம்மா. அப்பா ஒருநாளும் டொக்டரிட்டைப் போகாமல்தானே உழைச்சவர்?" என்று டெனிஷில் கேட்டான்.

அவனுக்கு நீங்கள் அப்படித்தான். அந்தப் பெருமையை நான் எப்படிக் கலைப்பேன்? கலைக்காமல் அவனை எப்படிக் காப்பாற்றுவேன்?

சொன்னேன். நீங்கள் டென்மார்க்குக்கு வரும் வழியில் மலேசியத் தோட்டத்தில் நின்றபோது அங்குள்ள தமிழ்ச் சனம் அந்த இலையை அவித்துத் தந்ததை. இங்கே கிரின்ஸ்டெட் தொழிற்சாலையில் உங்கள் இடுப்பு விட்டுப்போனபிறகு தோட்டத்து நண்பர் தேயிலை என்று எழுதி அதை அனுப்பியதை. நானும் மூத்தவளும் யாழ்ப்பாணத்தில் காத்திருந்தோம். தமிழர் குடும்பத்தைக் கூப்பிடக் கொடுத்த விண்ணப்பங்களை இந்த நாட்டு அரசு கிடப்பில் போட்டிருந்த காலம். வருத்தக்காரன், உடம்பு ஏலாதவன் என்று டொக்டர் பதிந்தால் மனிசி பிள்ளையைக் கூப்பிட விடமாட்டார்கள் என்று யாரோ கதை கட்ட, உங்களோடு ஒரே அறையில் தங்கியிருந்த அத்தனை பேரும் நம்பினீர்கள். படித்த மனிசன் நீங்களுமா?

நான் வந்து இறங்கியபோது, இலைத்தண்ணீர் குடிக்காத காலைகளில் மூக்கு ஒழுக நடுங்கிக்கொண்டிருந்தீர்கள். நித்திரைக்கு யாரோ தந்த குளிசை மாத்திரை வேறு. இலையையும் எடுத்துக்கொண்டு உங்களை டொக்டரிடம் இழுத்துக்கொண்டு போனேன். டொக்டருக்கு அது என்னவென்றே தெரியாது. யாரிடமோ போனில் விசாரித்துவிட்டுச் சொன்னதை மொழிபெயர்க்க வந்த தம்பி எங்களுக்குச் சொன்னார்: "நோவை அடக்குமாம், அது உண்மை. ஆனால் குளிசையோட சேர்ந்தால் மூச்சையும் அடக்கிப்போடுமாம்."

கொஞ்சங் கொஞ்சமாக இலையை விட்டீர்கள். உங்கள் கால்களை அமத்திவிட்டுக்கொண்டு இருப்பேன். "நீ வந்திட்டாய், இனி நொந்தாலும் பரவாயில்லை" என்றீர்கள். அதை நினைத்தால் இப்போதும் அழுகை வருகிறது.

மருந்துக்கடையில் வேலை செய்யும் மூத்தவளிடமும் அங்கிருந்தே போனில் கேட்டேன். நோவுக்கும், அபின் வகை மருந்துகளில் மாட்டியவர்கள் மீளவும் இது உதவுமோ என்று ஆராய்கிறார்களாம், இன்னும் உறுதியில்லையாம். ஈரல் பழுதாகலாம், வலிப்பு வரலாம், பையில் வேறு என்ன கலந்திருக்கிறதோ தெரியாது என்றாள். நல்ல மருந்து ஒன்று அதிலிருந்து வந்தால் வரட்டும். குசினிக் கரண்டியால் அள்ளிக் குடிப்பதை மருந்து என்று சொல்லலாமா?

எல்லாவற்றையும் கேட்டுமுடித்த சின்னவன் பையின் வாயைக் கட்டினான். பிறகு தமிழில் கேட்டான்.

"அப்பாவும் பயந்தவரா அம்மா?"

"ஓம் மகன். எங்களைக் கூப்பிட ஏலாமல் போயிடுமோ எண்டு பயந்தவர்."

"எனக்கும் பயமாக் கிடக்கு. ரெண்டுதரம் விட்டுப் பாத்தனான், ஏலேல்லை."

உங்களைப் பற்றி இத்தனை வருசம் கட்டிக்காத்த பெருமையை விட, நேற்று அவன் உங்களை நினைத்து அழுத அழுகை பெரிது.

திங்கட்கிழமை அவனோடு டொக்டரிடம் போகிறேன். முப்பது தாண்டிய பிள்ளை, அம்மா கூட வருவது வெட்கமாம். வெட்கப்படட்டும். அவன் முழுவதையும் சொல்லி முடிக்கும்வரை பக்கத்துக் கதிரையில் இருப்பேன், இது உங்களுக்கு நான் தரும் புதுச் சத்தியம்.

உங்கள் மனிசி,
இரண்டு பிள்ளைகளின் அம்மா