ஜன்னலில் தவறிப்போன நிறம்

அன்புள்ள வாலுக்கு,

நானும் உன் அம்மாவும் சுகம். நீயும் வேளைக்குச் சாப்பிட்டு, ஈரத் தலையோடு வெளியே ஓடாமல் சுகமாய் இருப்பாய் என்று நம்புகிறேன், நம்புவதற்கு ஆதாரம் எதுவும் இல்லை என்றாலும். உன் கடிதம் வந்தது. படிப்பைப் பாதியில் விட்டுவிட்டு அம்மாவைப் பார்த்துக்கொள்ள வந்துவிடுகிறேன் என்று எழுதியிருக்கிறாய். அதை அவளிடம் இன்னும் காட்டவில்லை. எனக்குச் சுற்றி வளைக்கத் தெரியாது, அது உனக்கே தெரியும், நான் அவளைக் கல்யாணம் செய்துகொண்டு இந்த வீட்டுக்கு வந்த அன்றைக்கே, இவர் பேசினா மிஷினோட வர்ற புத்தகத்தைப் படிச்சுக் காட்டற மாதிரி இருக்கும்மா என்று சொன்னவள் நீ. உனக்கும் எனக்கும் அண்ணன் தங்கைக்கு இருக்கும் வயது வித்தியாசம்தான், அப்பா என்று கூப்பிடு என நான் கேட்டதில்லை, எஞ்சினியர் என்று நீ கூப்பிடுவதே எனக்குப் பழகிப் பிடித்தும் போயிற்று. ஆனாலும் இந்த ஒரு விஷயத்தில் அப்பா இடத்தில் நின்று சொல்கிறேன், வராதே. ஏன் என்று முழுவதும் படித்துத் தெரிந்துகொள், வழக்கம்போலக் கடைசி வரிக்குத் தாவாதே.

அம்மாவின் கண்ணில் இருந்த புண் ஆறிவிட்டது, ஆனால் வெளிச்சம் பட்டால் ஊசியால் குத்துகிற மாதிரி இருக்கிறது என்று போன முறை எழுதியிருந்தேன். தையல் அறை ஜன்னலுக்குக் கனமான திரை போட்டு, மிஷினைப் போர்வையால் மூடிவிட்டு, அந்த இருட்டிலேயே உட்கார்ந்திருந்தாள். தெருவில் பாதிப் பேரின் தோள் அளவை மனப்பாடமாய் வைத்திருக்கிறவள். நான் வேலைக்குக் கிளம்பினால் போயிட்டு வாங்க என்று ஒரு குரல் மட்டும் வரும், ஆள் தெரியாது. எனக்கு அதைப் பொறுத்துக்கொள்ள முடியவில்லை, பொறுமை எனக்கு எப்போது இருந்தது. எங்கள் கம்பெனியில் ஜன்னல் கண்ணாடிக்கு ஒட்டுகிற பிளாஸ்டிக் படலம் செய்கிறோம் அல்லவா, அதற்குள் வெள்ளித் துகள்கள் இருக்கும், சாதாரண மைக்ராஸ்கோப்பில் வைத்தாலும் கண்ணுக்குத் தெரியாத பொடி. ஒளி வந்து தொட்டதும் துகளுக்குள் இருக்கும் எலக்ட்ரான்கள் ஒன்றாய்ச் சேர்ந்து ஊஞ்சல் மாதிரி இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் ஆடும், அந்த ஆட்டத்துக்கு ஒத்துப்போகிற நிறத்தைத் துகள் விழுங்கிவிடும், மீதி நிறங்கள் வீட்டுக்குள் வரும். எவ்வளவு பெரிய துகள், எவ்வளவு வெள்ளி, எவ்வளவு தடிமன் என்று கொடுத்தால் என்ன நிறம் உள்ளே வரும் என்று கம்ப்யூட்டரில் கணக்குப் போட்டுச் சொல்வதுதான் என் பிழைப்பு. ஊதாவையும் நீலத்தையும் தடுத்துவிட்டால் அம்மாவுக்குக் கண் கூசாது என்று நானாகவே முடிவுகட்டி, மேனேஜரிடம் கேட்டு ஒரு சோதனைத் துண்டு போடச் சொன்னேன்.

கணக்குப்படி இளமஞ்சளாய் வரவேண்டியது, ரோஜா நிறத்தில் வந்து நின்றது. கலவை போடுகிற அக்கா அதை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்துவிட்டு, என்ன தம்பி, எலுமிச்சம்பழம் வரும்னு சொன்னீங்க, மாதுளம்பழம்ல வந்திருக்கு என்று சிரித்தாள். எனக்குச் சுருக்கென்றது. வீட்டுக்குக் கொண்டுவந்து, நேர் வெயிலில் எப்படி இருக்கிறது பார்ப்போம் என்று தையல் அறை ஜன்னலில், திரைக்குப் பின்னால் ஒட்டினேன். அங்கும் ரோஜாதான். தவறு என்னவென்று பிறகு புரிந்தது, ஒவ்வொரு துகளும் தன்னந்தனியாக இருக்கிறது, பக்கத்தில் இருப்பதைக் கண்டுகொள்ளவே செய்யாது என்று வைத்துக் கணக்குப் போட்டிருக்கிறேன், ஆனால் பிளாஸ்டிக் காயும்போது அவை நெருங்கி வந்துவிட்டன, நெருங்கிவிட்டால் ஒன்றின் ஆட்டம் மற்றதைப் பிடித்து இழுக்கும், ஆட்டம் மெதுவாகும், நீலத்தோடு நிற்காமல் பச்சையையும் சேர்த்து விழுங்கும். மறுநாள் அதைச் சுரண்டி எடுத்துவிட வேண்டும் என்று சீக்கிரமே வீட்டுக்கு வந்தேன். கதவைத் திறந்தால் திரை விலகியிருக்கிறது.

எப்படி எழுதுவது என்று தெரியவில்லை. சாயங்கால வெயில் அந்தப் படலத்தின் வழியாக உள்ளே வந்து, சுவரெல்லாம் விடியலுக்குச் சற்று முன் வானம் இருக்குமே அந்த மாதிரி. தூசி மிதப்பது தெரிகிறது, ஒவ்வொரு தூசியும் அவசரமே இல்லாமல் எங்கேயோ போகிறது. மிஷின்மேல் இருந்த போர்வை மடித்து வைக்கப்பட்டிருக்கிறது. அம்மா ஜன்னலுக்கு நேராக நாற்காலியைப் போட்டுக்கொண்டு, முகத்தில் வெளிச்சம் விழ விழத் தூங்குகிறாள், நெற்றியில் சுருக்கம் இல்லை. நான் சுரண்டும் தகட்டைக் கையில் வைத்துக்கொண்டு, தண்ணீருக்கு அடியில் நிற்கிறவன் மாதிரி நின்றேன், எவ்வளவு நேரம் என்று தெரியாது. விழித்துப் பார்த்தவள் என் முகத்தைப் பார்க்கவில்லை, தகட்டைத்தான் பார்த்தாள். தொட்டீங்கன்னா தெரியும் சேதி என்றாள். அவளுடைய கண் டாக்டரிடம் இதைச் சொன்னதற்கு, எந்த நிறம் இதமா இருக்குன்னு அவங்க கண்ணுதான் சார் சொல்லணும், உங்க கம்ப்யூட்டர் எப்படிச் சொல்லும் என்று கேட்டார். துகள் விவகாரத்தை அம்மாவுக்கு விளக்கினேன், தனியா இருந்தா ஒரு மாதிரி, பக்கத்துல ஆள் இருந்தா வேற மாதிரின்னு தெரிஞ்சுக்க இவ்வளவு படிக்கணுமாங்க என்றாள். இப்போது நெருக்கத்தையும் சேர்த்துப் புதிதாகக் கணக்குப் போடுகிறேன், தவறிப்போய் வந்ததை வேண்டுமென்றே வரவழைக்க வேண்டும், அடுத்து கூடத்து ஜன்னல், அதற்கடுத்து அவளுக்கு ஒரு மூக்குக்கண்ணாடி. வருமா என்று இன்னும் தெரியாது. விடமாட்டேன்.

இந்த நேரத்தில் நீ படிப்பை விட்டுவிட்டு வந்து நின்றால், தன்னால்தான் என்று அவள் அந்தத் திரையை மறுபடி இழுத்து மூடிவிடுவாள். அதனால்தான் வராதே என்கிறேன். விடுமுறைக்கு வா, அதற்கு யாரும் குறுக்கே நிற்கவில்லை. பணம், உடம்பு, தூக்கம் மூன்றையும் பார்த்துக்கொள், அறைக் கதவைப் பூட்டினாயா என்று இருமுறை பார். இன்னொன்று. அம்மா உனக்கு ஒரு சட்டை தைக்கிறாள். தையல் அறை அலமாரியிலிருந்து அவளே தேடி எடுத்த துணி, நல்ல அடக்கமான சாம்பல் நிறம், படிப்பு முடிந்ததும் நீ வேலைக்குப் போட்டுக்கொண்டு போகலாம் என்று சந்தோஷமாய் இருக்கிறாள். அது சாம்பல் இல்லை, கண்ணைப் பறிக்கிற கடல்பச்சை. அந்த ஜன்னல் பச்சையை விழுங்கிவிடுவதால் அவளுக்கு அப்படித் தெரிகிறது. நான் சொல்லவில்லை, நீயும் சொல்லிவிடாதே. ஒருநாள் அவளே அதைக் கையில் எடுத்துக்கொண்டு வாசலுக்கு வந்து, வெயிலில் விரித்துப் பார்த்து, அடப்பாவி மனுஷா, சொல்லக்கூடாதா என்று என்னைத் திட்டுவாள். அந்தத் திட்டுக்காகத்தான் காத்துக்கொண்டிருக்கிறேன்.

எல்லா நலமும் உன்னோடு இருக்கட்டும், எடுத்த படிப்பு கைகூடட்டும். தோள் அளவை உடனே எழுதி அனுப்பு, பழைய அளவு வேண்டாம் என்கிறாள்.

அம்மாவின் ஆசிகளோடும் என் ஆசிகளோடும்,
உன் எஞ்சினியர்