கரண்டு போகும் வீட்டுக்கு ஒரு கணினி

9 செப்டம்பர் 2012, ஞாயிறு

பிராசசர் முடிவாகிவிட்டது: ஐ7. ரேம் பதினாறு ஜி.பி. கிராபிக்ஸ் கார்டில்தான் இழுபறி. கடலூர்க் கடைக்காரர் எதைக் காட்டினாலும் "இது போட்டா பறக்கும் மேடம்" என்கிறார். கல்யாண வீடியோ எதற்குப் பறக்க வேண்டும்? நான் படித்தவரை, பெரிய கார்டு இருந்தால் எடிட் செய்த வீடியோவைக் கணினி ஒரே ஃபைலாக்கும் நேரம் பாதியாகக் குறையும். அதற்காக வாங்கலாம்.

பாதிப் பணம் என்னுடையது, பாதி செவ்வந்தியுடையது. கம்மாபுரத்திலிருந்து அவள் வளைகாப்பு, மஞ்சள் நீராட்டு, கல்யாணம் என்று படம் எடுக்கிறாள், எடிட்டிங் நான். இதுவரை என் பழைய லேப்டாப்பில். அதற்கு இனி தெம்பில்லை. புதுக் கணினியை இங்கே குவார்ட்டர்ஸில், மகன் காலி செய்த அறையில் வைக்கலாம் என்றேன். இவர் வேலை பார்க்கும் நிலக்கரிச் சுரங்க டவுன்ஷிப்பில் கரண்டு போவதில்லை. வேறென்ன யோசிக்க இருக்கிறது?

"சரிங்க மேடம்" என்றாள், கொஞ்சம் தாமதமாக.

என் பாதியை அவள் வீட்டில் வைக்க நான் சம்மதிப்பேனா? மாட்டேன். அவள் எப்படிச் சம்மதித்தாள்?

11 செப்டம்பர்

எஸ்.எஸ்.டி. என்கிற வேக டிஸ்க்கின் விலை அநியாயம். இருந்தாலும் வேண்டும்.

15 செப்டம்பர், சனி

ஆல்பத்துக்குப் படம் தேர்ந்தெடுக்க, மணப்பெண்ணின் அம்மா மாணிக்கம்மாளைச் செவ்வந்தி அழைத்து வந்தாள். அந்த அம்மாள் செருப்பை கேட்டுக்கு வெளியிலேயே விட்டுவிட்டு, சோபா நுனியில் உட்கார்ந்தார். எந்தப் படத்தைக் காட்டினாலும் "நல்லாத்தான் இருக்குதுங்க". பெண் கண்ணை மூடியிருந்த படத்துக்கும் அதே பதில். எல்லாமே நன்றாயிருந்தால் நான் எதை எடுப்பது, எதை விடுவது?

"அவங்க வூட்ல வந்து பாருங்க மேடம், வாய மூட வைக்க முடியாது" என்று செவ்வந்தி சிரித்தாள். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

22 செப்டம்பர், சனி

இன்று முதன்முறையாகக் கம்மாபுரம் போனேன். செவ்வந்தி வீட்டு முன்னறை. மாணிக்கம்மாள் முந்தியே வந்து உட்கார்ந்திருந்தார். லேப்டாப்பைத் திறந்ததுதான் தாமதம்.

"ஐய, இது வேணாம். மாப்ள என்னா, போலீசு புடிச்சாந்த மாரி நிக்கிறாரு."

"இதுல என் சம்மந்திய பாரு, பல்லு வலிக்காரி மாரி மூஞ்ச வச்சிகினு!"

போன வாரம் ஒன்றையும் ஒதுக்காத அதே அம்மாள். காபி ஆறுவதற்குள் ஆல்பம் முடிந்தது.

அப்போது ஃபேன் நின்றது. நான் எழுந்து, "ஃபியூஸ் போயிடுச்சா? மெயின் எங்க இருக்கு?" என்றேன்.

அறையே சிரித்தது.

"டவுன்ஷிப்பு அம்மா ஃபீஸ் தேடுறாங்கடி!" என்றார் மாணிக்கம்மாள்.

செவ்வந்தி கண்ணைத் துடைத்துக்கொண்டாள். "ஆறு மணி வரைக்கும் வராதுங்க மேடம். எங்க நெலத்த தோண்டித்தான் கரண்டு எடுக்குறாங்க. அது எங்கள கண்டா மட்டும் வெக்கப்பட்டுகினு ஓடிடுது."

பிசிக்ஸ் எம்.எஸ்சி. கல்யாணமான நாள் முதல் டவுன்ஷிப் வாசம். கரண்டு போனால் எனக்குத் தோன்றுவது ஃபியூஸ்.

23 செப்டம்பர்

கணினி கம்மாபுரத்திலேயே இருக்கட்டுமா என்று இவரிடம் கேட்டேன்.

"அங்க போயா? நம்ம கையவிட்டுப் போயிரும்லா."

என் பயமும் அதுதான். இவர் வாயால் கேட்டபோது அசிங்கமாக இருந்தது. "இங்க இருந்தா அவ பாதி மட்டும் அவ கையில இருக்குமா?" என்றேன். பேப்பரைத் தூக்கி முகத்துக்கு நேரே பிடித்துக்கொண்டார்.

கரண்டு, கரண்டுன்னு எத்தனை தடவை சொன்னேன் — சாக்குதானே அது? அவள நம்பலன்னு நேரா சொல்ல வாய் வரல, அவ்வளவுதான். ஐம்பது ஆகப் போகிறது எனக்கு.

26 செப்டம்பர், புதன்

கம்மாபுரத்திலேயே வைப்பது என்று முடிவு. அங்கே என்றால் எல்லாமே மாறுகிறது. ஐ7-ம் பெரிய கார்டும் சேர்ந்தால் இன்வர்ட்டர் பேட்டரியைக் குடித்துவிடும். அது மறுபடி சார்ஜ் ஆகவே அந்த ஊரில் நேரம் போதாது. எனவே ஐ5. கணினிக்குள் தனி மின் ஒயர் கேட்காத சின்ன கார்டு. மிச்சப் பணத்தில் இன்வர்ட்டரும் இரண்டு பேட்டரியும். வீடியோவை ஃபைலாக்க இரட்டை நேரம் ஆகும். ஆகட்டும்.

"இது பறக்காதுங்க மேடம்" என்றார் கடைக்காரர், வருத்தமாக.

"நடந்தால் போதும்."

செவ்வந்திக்கு போன் செய்தேன். "நெசமாவாங்க?" என்றாள். பிறகு, "ஒன்னு சொல்லட்டுங்களா? உங்க வூட்லன்னு சொன்னப்பவே என் பாதி போச்சுன்னு முடிவு பண்ணிட்டேன்."

"அப்புறம் ஏன் சரின்னே?"

"வேற யாரு எனக்கு எடிட் பண்ணித் தருவாங்க?"

இப்போது என் பாதி போச்சு என்றுதான் நானும் நினைத்திருக்கிறேன் என்று அவளிடம் சொல்லவில்லை.

10 அக்டோபர், புதன்

செவ்வந்தி வீட்டு முன்னறையில் எல்லாம் பொருத்தியாயிற்று. பாதி வேலையில் கரண்டு போனது. கணினி ஒரு நொடி அணைந்து, முதலிலிருந்து தொடங்கியது. காலையிலிருந்து செய்த வேலை போச்சு. "ஐயோ, நம்ம மிசினு!" என்று செவ்வந்தி தலையில் கை வைத்தாள். இன்வர்ட்டர் பேட்டரிக்கு மாற எடுக்கும் நேரம்தான் காரணம். பின்னால் ஒரு ஸ்விட்ச் இருக்கிறது, யூ.பி.எஸ். பக்கம் தள்ளினேன். அடுத்த முறை போனபோது திரை இமைக்கவில்லை.

நம்ம மிசின் என்றாள்.

8 நவம்பர், வியாழன்

தீபாவளிக்கு முன் கொடுக்க இரண்டு ஆல்பம், ஒரு வீடியோ. வீடியோ அங்கே தானாக ஃபைலாகிக்கொண்டிருக்கிறது. முன்னறைச் சாவி ஒன்று என் கைப்பையில்.

மத்தியானம் இங்கே வீட்டில் ஃபேன் நின்றது. புத்தகத்திலிருந்து நிமிராமல், "ஆறு மணிக்கு வந்துரும்" என்றேன்.

இவர் என்னையே பார்த்தார். பிறகு எழுந்து போய் ஃபியூஸைப் போட்டார்.