இடப்பக்கம் இழுக்கும் விமானம்

அக்டோபர் 5, ஞாயிறு
வாரத்தில் ஒரு நாள் லீவு. அதையும் இந்த விமானம் தின்றுவிட்டது. வடக்குப்பட்டில் வாடகை அறைக்குள் கம்ப்யூட்டர் வைத்து விமானம் ஓட்டுகிற கிறுக்கன் நான் ஒருத்தனாகத்தான் இருப்பேன். வானத்தில் ஒழுங்காகப் பறக்கிறது. இறங்கித் தரையில் ஊர ஆரம்பித்தால் இடப்பக்கம் இழுத்துப் புல்லுக்குள் போகிறது. குன்றத்தூரில் பழையதாக வாங்கிய கால் பெடல்மேல்தான் சந்தேகம். அதன் மேல் விளிம்பை அமுக்கினால் அந்தப் பக்கத்துச் சக்கரத்துக்கு பிரேக். நான் அமுக்கவே இல்லை. சும்மா கால் வைத்திருக்கிறேன், அவ்வளவுதான்.

அக்டோபர் 7
சிமுலேட்டரில் காற்றைக்கூட நிறுத்தலாம். நிறுத்தினேன். இழுத்தது. பெடலின் அளவைக் கம்ப்யூட்டரில் புதிதாகச் சரிசெய்தேன். இழுத்தது. வேறு விமானம் எடுத்தேன். அதுவும்.

அக்டோபர் 8
பெடல் எவ்வளவு அமுங்குகிறது என்று திரையில் ஒரு பட்டை காட்டும். இடது பட்டை மெல்ல நிரம்பியது. இறங்கியது. மறுபடி நிரம்பியது. நான் கல்லாக உட்கார்ந்திருந்தேன்.
பெடலை விற்ற மஞ்சுளா அக்கா சொன்னது ஞாபகம் வந்தது. "எம் புள்ளைது. இனிமே அவன் வந்து ஓட்டப் போறானா இன்னா." ஏன் என்று நான் கேட்கவில்லை. கேட்டிருக்க வேண்டுமோ?

அக்டோபர் 9
கம்பெனியில் நான் ஓட்டுகிற, சரக்குத் தூக்கும் ஃபோர்க்லிஃப்ட் சடக்கென்று நின்று, லோடு முன்னால் சரிந்தது. எங்கள் பக்கத்து அறையில் தங்கி அதே கம்பெனியில் வேலை பார்க்கிற இசக்கி குறுக்கே வந்துகொண்டிருந்தான். துள்ளி ஒதுங்கியதால் பிழைத்தான். தரையில் எண்ணெய் என்று முடித்துவிட்டார் சூப்பர்வைசர் அண்ணாதுரை. தரை காய்ந்துதான் கிடந்தது. அந்த வண்டியில் இடது பெடலை அமுக்கினால் நிற்கும். நான் அமுக்கவில்லை.

அக்டோபர் 10
வீட்டுக்காரம்மா சின்னப்பொண்ணு கேட்டார்: "கம்பெனி வண்டிக்கு ஆயுத பூஜைல எலுமிச்சம்பழம் வெச்ச இல்ல? வூட்ல கீற சாமானுக்கு வெச்சியா?"
வைக்கவில்லை. சிரிக்கப் பார்த்தேன், சிரிப்பு வரவில்லை. குங்குமம் வைத்து, பழமும் நசுக்கினேன். இழுத்தது. இசக்கியை உட்கார வைத்தேன். நேராகப் போனது. உங்களை மட்டும்தான் அதுக்குப் பிடிக்கவில்லை அண்ணே என்று சொல்லிவிட்டு அவன் சட்டென்று எழுந்துகொண்டான்.

அக்டோபர் 12, ஞாயிறு
என் மனைவி சுகப்பிரியா டார்ச்சோடு மேஜைக்கு அடியில் உட்கார்ந்தாள். பட்டை நிரம்பியது. பார்த்தியா, யாருமே அமுக்கவில்லை என்றேன். கீழே டார்ச்சைத் தரையில் வைக்கும் சத்தம் கேட்டது.
"நீங்கதான் அமுக்குதிய."
இல்லை என்று கத்தினேன்.
"ஏங்க, ஒங்க கால ரெண்டு கையாலயும் புடிச்சிட்டுல்லா இருக்கேன். தெரியலியா?"
குனிந்து பார்த்தேன். பிடித்துக்கொண்டுதான் இருந்தாள். விரல்கள் பதிந்திருந்தன. எனக்கு ஒண்ணுமே தெரியல. எப்பத்துல இருந்து இப்படி? கம்பெனில குடுத்த இரும்பு முனை ஷூவைத்தானே இத்தனை நாளா திட்டிக்கிட்டு இருந்தேன் — மரத்துப் போகுதுன்னு. பேயா இருந்திருக்கலாம். பேயா இருந்தா நல்லா இருந்திருக்கும்.

அக்டோபர் 13
சொன்னால் வண்டி போய்விடும். கான்ட்ராக்ட் ஆள், வேலையே போகலாம். சொல்லாவிட்டால்? இசக்கி தினமும் என் வண்டிக்கு முன்னால்தான் நடக்கிறான்.
ஷிஃப்ட் தொடங்கும் முன் சாவியை அண்ணாதுரை மேஜையில் வைத்தேன்.
"வண்டில இன்னாபா பிரச்சன?"
"வண்டியில இல்ல சார்."

அக்டோபர் 24
கழுத்தில், காலுக்குப் போகிற தண்டுவட நரம்பு அழுந்தியிருக்கிறதாம். கால் மரத்துப் போகும், தானாக விறைத்து நீளும், சில நேரம் ஆடும். ஆபரேஷன் செய்தால் இதற்கு மேல் மோசமாகாமல் தடுக்கலாம் என்றார் டாக்டர். போன உணர்ச்சி திரும்பி வருமா என்று கேட்டேன். ஸ்கேனையே பார்த்துக்கொண்டிருந்தார்.

நவம்பர் 2, ஞாயிறு
நாளை அட்மிட் ஆக வேண்டும். ஸ்டோரில் உட்கார்ந்து பார்க்கிற வேலைக்குக் கேட்டுப் பார்க்கிறேன் என்றிருக்கிறார் அண்ணாதுரை. பார்க்கலாம்.
பெட்டி கட்டியதும், நான் ஓட்டட்டுமா என்று சுகப்பிரியா கேட்டாள். உட்கார வைத்தேன். நான் பக்கத்திலேயே மேஜைக்கடியில் காலை விட்டு உட்கார்ந்தேன். விமானம் கோட்டின்மேல் நேராக ஊர்ந்தது. அவளுக்குச் சிரிப்புத் தாங்கவில்லை, எனக்கும்தான். அப்போது மேஜை லேசாக ஆட ஆரம்பித்தது. அவள் திரையிலிருந்து கண்ணை எடுக்காமல் ஒரு கையைக் கீழே விட்டாள். ஆட்டம் நின்றது. என் காலைப் பிடித்திருக்கிறாள் என்பதைக் குனிந்து பார்த்துத் தெரிந்துகொண்டேன்.