தூள் அனுப்பமாட்டேன் என்ற அக்காவுக்கு

மல்வேர்ன், ரொறன்ரோ
18.11.2025

என்றும் என் அன்புக்குரிய ஏஞ்சலா அக்காவுக்கு,

ஆண்டவர் உங்களையும் கன்னியர் மடத்தில் உள்ள மற்றச் சகோதரிகளையும் சுகத்தோடு வைத்திருக்கட்டும். இங்கே இவருக்கு முழங்கால் நோ கொஞ்சம் குறைவு. மகன் றொய்சன் வேலைக்குப் போய் வருகிறான். எனக்கு உடம்பில் ஒரு குறையும் இல்லை. கோபம் மட்டும் இருக்கிறது, அதுவும் உங்கள் மேல்தான்.

நீங்கள் வட்சப்பில் அனுப்பிய ஏழு நிமிடக் குரல் பதிவை மூன்று தரம் கேட்டேன். போனில் பதில் சொன்னால் நீங்கள் அழுவீர்கள், நான் கத்துவேன். எங்கள் பங்கைச் சேர்ந்த டெனிஸ்டன் தாயைப் பார்க்க மன்னாருக்கு வருகிறார். அவர் கையில் இதைத் தந்து விடுகிறேன். கடிதம் என்றால் நீங்கள் இடையில் மறிக்க முடியாது பாருங்கோ.

பேஸ்புக்கில் எங்கள் தமிழ்ப் பூசையைப் பார்த்திருக்கிறீர்கள். விசுவாசிகள் மன்றாட்டில் நான் மைக்கில் சொன்னதையும் கேட்டிருக்கிறீர்கள். "பிள்ளையைப் பெற்ற தாய்மாருக்காகவும், பெறாமல் விட்ட பெண்களுக்காகவும், இரண்டு பேருக்கும் ஒரே சட்டியில் சமைக்கிற எங்களுக்காகவும் மன்றாடுவோம்" என்றேன். எங்கள் மன்றாட்டைக் கேட்டருளும் என்று பதில் சொல்லக் கோயிலில் நாலு பேருக்குத்தான் வாய் வந்தது. மைக்கைக் கண்டவுடன் மனதில் உள்ளதைக் கொட்டிவிடுகிற பழக்கம் எனக்குச் சின்னனிலேயே உண்டென்று உங்களுக்குத் தெரியும். சொன்ன இடம் பிழை, ஒத்துக்கொள்கிறேன். சொன்னது பிழையில்லை.

இது எங்கே தொடங்கியது என்று உங்களுக்கு ஒருவரும் சொல்லியிருக்க மாட்டார்கள். போன வருடம் ஒக்டோபரில் ஒரு ஞாயிறு, வழக்கம்போல எங்கள் செபக்குழு மார்க்கம் வீதி ஓரத்தில் கருக்கலைப்புக்கு எதிரான சுலோக அட்டைகளோடு ஒரு மணித்தியாலம் நின்றது. நான் பதினொரு வருடமாக நிற்கிறேன். அன்றைக்கு பஸ்ஸில் போன புனிதவதி என்னைக் கண்டுவிட்டாள். அவள் என்னோடு முதியோர் இல்லத்தில் ஒரே ஷிப்டில் வேலை செய்பவள், அளவெட்டிச் சைவக்காரி. படுக்கையில் கிடக்கிறவர்களைப் புரட்ட எப்போதும் இரண்டு பேர் வேண்டும். அந்த இரண்டு பேர் நாங்கள்தான்.

அடுத்த நாள் சாப்பாட்டு அறையில் பிடித்துக்கொண்டாள். "உந்த அட்டையைப் பிடிச்சுக்கொண்டு நிண்டியே, பிள்ளையைப் பெத்துப்போட்டுத் தனியக் கிடக்கிற ஒருத்தியின்ர கதவையாவது தட்டியிருப்பியே?" என்று கேட்டாள். எனக்குச் சுள்ளென்று ஏறிவிட்டது. "நீ மட்டும் என்ன? அவளின்ர விருப்பம், அவளின்ர உடம்பு எண்டு சொல்லிப்போட்டு வீட்டை போறாய். பிறகு அவள் எழும்பினாளோ சாப்பிட்டாளோ எண்டு ஒருநாள் எட்டிப் பாத்தனியே?" என்று கேட்டேன். இரண்டு பேரும் சாப்பாட்டுப் பெட்டியை மூடிக்கொண்டு எழும்பிவிட்டோம்.

பின்னேரம் ஒரு பாரமான ஐயாவைப் புரட்டிப் பிடித்தபடி, என் முகத்தைப் பாராமலே, "சனிக்கிழமை லீவுதானே, சமைப்பமே?" என்றாள்.

அப்படித்தான் தொடங்கியது. செபக்குழுவின் சமையல் பொறுப்பு என்னிடம், கோயில் மண்டபத்துச் சமையலறையைப் பூட்டித் திறக்கிற திறப்பும் என்னிடம். புனிதவதியின் மகள் நிலக்சி ஒரு சுகாதார நிலையத்தில் வேலை செய்கிறாள். சாப்பாடு வேண்டும் என்கிற பெண்கள் அவளிடம் விலாசம் கொடுப்பார்கள். சனிக்கிழமைகளில், பிள்ளை பெற்ற உடம்பு தேற நீங்கள் இடித்து அனுப்புகிற சரக்குத் தூளில் விளைமீன் போட்டுச் சரக்குக் கறி, முருங்கையிலை, குழைந்த சோறு. வாசலில் ஒன்றும் கேட்பதில்லை என்று பேசிக்கொண்டோம். முதல் வாரம் பையின் அடியில் நான் ஒரு செபப் படம் ஒளித்து வைத்தேன். அவள் கண்டு வெளியே எடுத்தாள். அவளுடைய பையில் ஒரு கிளினிக்கின் போன் நம்பர் எழுதிய துண்டு கிடந்தது, அதை நான் எடுத்துக் கிழித்தேன். பிறகு இரண்டு பேருக்கும் சிரிப்பு வந்துவிட்டது.

நான் மாறிவிட்டேன் என்று குரல் பதிவில் அழுகிறீர்கள். ஒரு அங்குலமும் மாறவில்லை. அது உயிர் என்று இன்றைக்கும் நம்புகிறேன். இந்த ஒக்டோபரிலும் போய் அட்டையோடு நின்றேன், பஸ்ஸில் போன புனிதவதி எனக்குக் கையும் காட்டினாள். அவளும் மாறவில்லை, பெண்ணின் முடிவில் மற்றவர் தலையிட ஆர் என்றுதான் இன்றைக்கும் கேட்கிறாள். சித்திரையில் தேர்தல் வந்தபோது இதைப் பற்றி இரண்டு கட்சி ஆட்களும் வாசலுக்கு வந்து முழங்கினார்கள். யாராவது ஒருத்திக்கு ஒரு நேரக் கஞ்சி வைத்துக் கொடுத்தீர்களா என்று நான் கேட்டேன். இரண்டு பேரும் ஒரே மாதிரி முழித்தார்கள்.

உங்களுக்குப் பொறுக்காத விஷயத்துக்கு வருகிறேன். கருவைக் கலைத்துப்போட்டு வந்த ஒரு பெண்ணின் விலாசம் முதன்முதலாக வந்த அன்றைக்கு நான் கரண்டியைக் கீழே வைத்துவிட்டேன். என்னால் ஏலாது என்றேன். புனிதவதி சண்டைக்கு வரவில்லை. "ரத்தம் போன உடம்பு, அன்ரனெற். பிள்ளை எங்க எண்டு உடம்புக்குத் தெரியுமே? அது சரக்குத்தான் கேக்கும்" என்றாள். நான் அழுதேன். அழுதபடி கறியை இறக்கினேன்.

இந்த செப்ரெம்பரில் வோபர்னில் ஒரு அப்பார்ட்மெண்டுக்குச் சாப்பாடு கொண்டுபோக என் முறை. கதவைத் திறந்த பிள்ளையை எனக்குத் தெரியும். அவள் முதல் நன்மை வாங்கிய பூசைக்கு வெள்ளைப் பூமுடியைத் தலையில் வைத்துக் குத்தியதே நான்தான். என்னைக் கண்டதும் அவளுக்கு முகம் செத்துப்போனது. "அன்ரி, பிளீஸ், வீட்டை சொல்லிப்போடாதீங்கோ" என்றாள். நான் உள்ளே போய்ப் பாத்திரத்தைத் திறந்தேன். அந்த மணத்துக்கு அவள் குழந்தைப்பிள்ளை மாதிரி விக்கி விக்கி அழுதாள். தான் செய்தது பாவமா என்று கேட்டாள். "அதைக் கடவுளோட கதைச்சுக்கொள் மோனை, என்னோட இருந்து சாப்பிடு" என்றேன். என் கையால் குழைத்துத் தீத்திவிட்டேன், அக்கா. யார் என்று உங்களுக்கும் எழுதமாட்டேன், புனிதவதிக்கும் சொல்லவில்லை.

போன வியாழன் செபக்குழுக் கூட்டம் என் மன்றாட்டைப் பற்றித்தான். தலைவர் கிளிபோட் அண்ணை எழும்பி நின்று, வருகிற ஞாயிறு மைக்கில் நான் மன்னிப்புக் கேட்க வேண்டும், இல்லையென்றால் திறப்பைத் தந்துவிட்டுக் குழுவிலிருந்து விலக வேண்டும் என்றார். பாதர் குனிந்தபடி செபமாலையை உருட்டினார். கிளிபோட் அண்ணை அதோடு விட்டிருக்கலாம். "எங்கட குழுவில உள்ள வீடுகளில பிள்ளையள் உப்பிடிப் போறதில்லை. உவையளுக்கு எங்கட சமையலறையில ஏன் சமைக்கவேணும்?" என்று கேட்டார்.

என்னிடம் அதற்கு ஒரு பதில் இருந்தது. ஒரே வசனம். அதைச் சொல்லியிருந்தால் அவர் அந்த இடத்திலேயே கதிரையில் விழுந்திருப்பார், கூட்டமும் முடிந்திருக்கும். அது நாக்கு நுனி வரைக்கும் வந்தது. நான் எவ்வளவு வாய்க்காரி என்று உங்களுக்குத் தெரியும், அன்றைக்கு அதை விழுங்க நான் பட்ட பாடு கர்த்தருக்குத்தான் தெரியும். விழுங்கிப்போட்டுத் திறப்பை மேசையில் வைத்தேன். "சமையலறை உங்கட. சட்டி என்ர" என்று சொல்லிவிட்டு வெளியே வந்தேன்.

வெளியே கார் நிறுத்துமிடத்தில் ஒரு தாய் என் பின்னால் ஓடிவந்தார். கூட்டத்தில் ஒரு சொல்லும் கதைக்காமல் குனிந்துகொண்டிருந்தவர். கையில் ஒரு பை. அதற்குள் என் பாத்திரம் இருந்தது, வோபர்னில் அந்தப் பிள்ளையிடம் விட்டுவந்த அதே மூடி நெளிந்த பாத்திரம். கழுவித் துடைத்திருந்தது. அவர் பையை என்னிடம் நீட்டினார். என் கையை ஒருதரம் இறுக்கிப் பிடித்துவிட்டுத் திரும்பிப் போனார். வீட்டுக்கு வந்து திறந்து பார்த்தேன். எங்கள் சனம் பாத்திரத்தை வெறுமையாய்த் திருப்பிக் கொடுக்காதே. உள்ளே நிறையச் சரக்குத் தூள். வறுத்து இடித்து அரித்த தூள், ஐந்தாறு கறிக்குக் காணும்.

ஆகவே, அக்கா, ஞாயிறு நான் மைக்குக்குப் போகப்போவதில்லை. பூசைக்குப் போவேன், வழக்கமான இடத்தில்தான் இருப்பேன். எழுப்பிவிடுகிறவர்கள் வந்து எழுப்பிப் பார்க்கட்டும். சனிக்கிழமைச் சமையலைப் புனிதவதி வீட்டுக்கு மாற்றிவிட்டோம். சனி விரதம் பிடிக்கிற வீட்டில் எனக்காக மீன் சட்டி ஏறுகிறது. அவள் தன் சாமிப்படத்துக்குத் திரை போட்டுவிட்டு அடுப்பை மூட்டுகிறாள்.

அப்படிப்பட்டவர்களுக்குப் போகும் என்றால் இனித் தூள் அனுப்பமாட்டேன் என்றீர்கள். அனுப்பாவிட்டாலும் எங்கள் சட்டி கொதிக்கும், பார்த்தீர்கள்தானே. ஆனாலும் கேட்கிறேன். றொய்சன் பிறந்தபோது நீங்கள் அனுப்பிய தூளில்தான் நான் எழும்பி நடந்தேன். அந்தத் தூளை ஒருத்திக்குக் கொடுத்து இன்னொருத்திக்கு மறைக்க எனக்குக் கை வராது. மடத்துச் சட்டத்தில் இடமில்லை என்றால் விடுங்கள். இடம் இருந்தால், டெனிஸ்டன் டிசெம்பர் பன்னிரண்டாம் திகதி திரும்புகிறார், ஒரு கிலோ கட்டிக் கொடுத்துவிடுங்கள். யாருக்கு என்று கேளாமல் தாருங்கள். இடிக்கும்போது வோபர்ன் பிள்ளைக்காக ஒரு அருள்நிறை மந்திரம் சொல்லுங்கள். பெயர் தேவையில்லை, மாதாவுக்கு அவளைத் தெரியும்.

உங்கள் சொல்லைக் கேளாத, உங்களை விட்டால் வேறு அக்கா இல்லாத,
அன்ரனெற்