சப்பாத்துக்கு அடியில் ஒரு பெயர்

பெப்ரவரி 17, செவ்வாய்
இரண்டாவது கீமோ. தலைமயிர் சீப்போடை வருது.

காரிலை வைச்சு என்ரை புருசன் றொய்சன் திரும்பவும் சொன்னார்: "ஒருத்தருக்கும் சொல்லாதை. சேர்ச்சிலை கேட்டால் காய்ச்சல் எண்டு சொல்லு." மனிசன் பயத்திலை சொல்லுறார், தெரியும். எங்கடை வீட்டிலை இதுக்குப் பேரே இல்லை. "அந்த வருத்தம்." அவ்வளவுதான்.

பக்கத்துக் கதிரையிலை சோசானா எண்டொரு யூத மனிசி. பதேர்ஸ்ட் றோட்டுப் பக்கம் வீடு. அவவுக்கும் மார்பிலைதான். ஓயாமல் பகிடி விடுறா. எப்பிடி ஏலுது? எனக்கு எரிச்சல்தான் வந்தது.

பெப்ரவரி 18
விபூதிப் புதன். பூசைக்குப் போகேல்லை. நான் மண் எண்டு நெத்தியிலை சாம்பல் பூசி ஞாபகப்படுத்த வேண்டிய வருசமே இது?

பெப்ரவரி 24
சாப்பிட்டதெல்லாம் சத்தி. திரும்பவும் சத்தி. தண்ணியும் இரும்பு மாதிரிக் கிடக்கு.

ஏலாது. அடுத்த முறை ஆஸ்பத்திரி நேஸிட்டைச் சொல்லப்போறன் — போதும், இனி வரேல்லை. றொய்சனுக்கு எப்பிடிச் சொல்லுறது?

மார்ச் 2
சோசானா மெசேஜ் போட்டிருக்கிறா. நாளைக்குப் பூரிம் பெருநாளாம், வேசம் போட்டு வருவாவாம், ஆளுக்காள் சாப்பாடு குடுக்கிறதாம். கீமோவுக்கு வேசமோ!

நாளையோடை நிப்பாட்டப் போறனான், கடைசியாய் வெறுங்கையோடை போறதே? தவக்காலம், இறைச்சி சமைக்கேலாது. றால் வடை சுட்டன்.

மார்ச் 3, செவ்வாய்
எழுதவே சிரிப்பு வருது.

சோசானா எஸ்தர் ராணியாய் வந்தா. மொட்டைத் தலையிலை தங்கப் பேப்பர் முடி, உடம்பிலை யன்னல் சீலை! வடைப் பெட்டியைத் திறந்தா. வடையைப் பாத்தா, என்னைப் பாத்தா. "யூஜினி, இது றால்தானே?"

யூதர் றால் தொடாயினமாம். எனக்குச் செத்துப்போன மாதிரி. "இறைச்சி கூடாது எண்டுதான் றால்..." எண்டு இழுக்க, அவ கதிரை ஆடச் சிரிச்சா. பிறகு எனக்கும் சிரிப்புப் பிடிச்சிட்டுது. எத்தினை மாசத்துக்குப் பிறகு! வடை முழுக்க நேஸ்மார் முடிச்சினம்.

பெருநாள் கதையும் சொன்னா. எனக்குத் தெரிஞ்ச கதைதான்: யூதரை ஒட்டுமொத்தமாய் அழிக்க நாள் குறிச்ச ஆமானை எஸ்தர் கவிழ்த்தது. எங்கடை ஆக்கள் அதை மூஞ்சையை நீட்டிக்கொண்டெல்லோ கேக்கிறது! அவையள் ஆமான்ரை பேர் வந்தவுடனை நிலத்திலை உதைச்சுச் சத்தம்போட்டு, பேரையே கேக்கவிடாயினமாம். சிலர் அதைச் சப்பாத்துக்கு அடியிலை எழுதி மிதிப்பினமாம்.

"உங்களுக்குப் பயமே இல்லையோ?" எண்டு கேட்டன்.

"பயமில்லாமலோ? பயந்து பயந்துதான் சிரிக்கப் பழகினாங்கள்" எண்டா.

நேஸிட்டை மாக்கர் பேனை வாங்கி, என்ரை சப்பாத்துக்கு அடியிலை எழுதினன். முழுப் பேர். புற்றுநோய். ஓங்கி ஒரு உதை விட்டன். சோசானா பேப்பர் முடி விழ விழ உதைச்சா.

நிப்பாட்டப் போறன் எண்டு சொல்ல மறந்தே போனன்.

மார்ச் 4
றொய்சனுக்கு விசயத்தைச் சொல்லிச் சப்பாத்தைக் காட்டினன். "விசரே உனக்கு?" எண்டார். ஆனால் அந்த எழுத்தைக் கனநேரம் பாத்துக்கொண்டு நிண்டவர்.

மார்ச் 17
கட்டி பாதியாய்ச் சுருங்கிட்டுதாம்! சோசானாவும் நானும் உதைச்ச உதையிலை நேஸ் ஓடிவந்திட்டா.

மார்ச் 31
கடைசிக் கீமோ. முடிச்சிட்டன். நான் முடிச்சிட்டன்!

இனி ஒப்பரேசன். வரட்டும். பனிக்குப் போட்ட றோட்டு உப்பிலையும் சேத்திலையும் நடந்து சப்பாத்திலை இருந்த பேர் அழிஞ்சு போச்சு.

ஏப்ரல் 5, உயிர்த்த ஞாயிறு
இவ்வளவு நாளும் தலையிலை போட்ட விக்கை வீட்டிலை விட்டிட்டு மொட்டையோடை பூசைக்குப் போனன். றொய்சன் என்ரை தலையை ஒருக்காப் பாத்திட்டுக் காரை எடுத்தார்.

எங்களுக்குப் பின்னாலை வாங்கிலை இருந்த றெஜினா அன்ரி குசுகுசுத்தா: "என்ன பிள்ளை மொட்டை, மடு மாதாவுக்கு நேத்தியோ?"

"இல்லை அன்ரி. புற்றுநோய்." சத்தமாய்த்தான் சொன்னன். முன் வாங்குகளிலை இருந்த ஆக்களெல்லாம் திரும்பிச்சினம். றொய்சன்ரை முகத்தைப் பாக்க எனக்குத் துணிவில்லை.

டங்!

சேர்ச் நிலம் அதிர்ந்தது. றொய்சன்ரை சப்பாத்து. பீடத்தடியிலை நிண்ட ஃபாதரும் திரும்பிப் பாத்தார். மனிசன் நேரே பாத்துக்கொண்டு, கண் கலங்க, இன்னொருக்கா உதைச்சார்.

நானும் உதைச்சன்.