சதுக்கத்துத் தூண்

அன்புள்ள கிங்கா அக்காவுக்கு,

இதை யாரிடமும் காட்டாதே. அத்தானிடம்கூட வேண்டாம். படித்ததும் அழித்துவிடு. போனில் பேசினால் கீழே அப்பாவுக்குக் கேட்கும், அதனால்தான் மின்னஞ்சலில் எழுதுகிறேன்.

என் வகுப்பு ஒத்திலியாவைச் சதுக்கத்துப் பழைய காலத்துத் தண்டனைத் தூணில் கட்டிப்போட்டிருந்த செய்தி உனக்கும் வந்திருக்கும். அவள் கழுத்தில் இரும்பு வளையத்தைப் பூட்டியவள் நான்தான், அக்கா.

பள்ளியில் புதிதாகச் சேர்ந்தவர்களைக் கேலி செய்யும் நாள் அது. கோடையில் சுற்றுலாக்காரர்களைப் படமெடுக்க நிற்கவைத்து அப்பா பூட்டுவாரே, அந்தச் சாவியை நகரத் தலைவரின் மகள் மல்வினா கேட்டாள். எடுத்துக் கொடுத்தேன். ஒத்திலியா சிரித்துக்கொண்டுதான் நின்றாள். "சீக்கிரம் தொறடி யாக்னா, நடுங்குது" என்றாள். "நடுங்கினாதான்டி நீ நம்ம ஊர்க்காரி" என்றாள் மல்வினா. எல்லோரும் சிரித்தோம். நானும்தான்.

பிறகு அவளை அங்கேயே விட்டுவிட்டு மல்வினா வீட்டில் சினிமா பார்த்தோம். நடுவில் அவள் எழுந்து போய் வந்து, "அவள அவுத்து அனுப்பிட்டேன்" என்றாள். அவள் காலணியில் பனி ஒட்டியிருக்கவே இல்லை. பார்த்தேன். கேட்கவில்லை.

சதுக்கத்தைச் சுற்றியுள்ள பழைய வீடுகள் எல்லாம் இப்போது விடுதிகள். நவம்பரில் ஒரு சன்னலிலும் விளக்கு கிடையாது. விடியற்காலையில் ரொட்டி வண்டிக்காரர்தான் அவளைப் பார்த்திருக்கிறார். இடது கையில் குளிரில் உறைந்து கறுத்துப்போன மூன்று விரல்களை மருத்துவமனையில் வெட்டிவிட்டார்கள். கத்திக் கத்திக் குரலும் போய்விட்டது.

சாவியை மல்வினா தூணடியிலேயே போட்டிருந்தாள். "நான்தாம்மா மறந்து விட்டுட்டு வந்துட்டேன். எவனோ குடிகாரன் பூட்டிட்டான்" என்று அப்பா தலையில் அடித்துக்கொள்கிறார். நாளைக் காலை எட்டு மணிக்குக் காவல் நிலையத்தில் அப்படியே எழுதிக் கையெழுத்துப் போடப் போகிறார். வேலை போய்விடும். சிறையும் உண்டு என்கிறார்கள்.

"உன் சிநேகிதியாச்சே, போய்ப் பாரும்மா" என்று அப்பா ஆப்பிள் கேக் செய்து கொடுத்தனுப்பினார். போனேன். என்னைப் பார்த்ததும் ஒத்திலியா கட்டுப்போட்ட கையால் கழுத்தை மூடிக்கொண்டாள்.

"வாயத் தொறந்தே, பூட்டினது யாருன்னு நாங்க ஏழு பேரும் சொல்லுவோம்" என்று மல்வினா இன்று சொல்லிவிட்டாள்.

எட்டு மணிக்குள் அப்பாவைக் கூப்பிடு, அக்கா. கையெழுத்துப் போட வேண்டாம் என்று சொல். காரணம் கேட்டால் நீயே ஏதாவது சொல். என் பெயரை மட்டும் சொல்லிவிடாதே. உன்னைக் கும்பிடுகிறேன்.

வாசல் கதவைத் தட்டுகிறார்கள். ஒத்திலியாவின் அம்மா குரல். ஒத்திலியா ஏதோ தாளில் எழுதிக் கொடுத்திருக்கிறாளாம். அப்பா படியேறி வருகிறார். என் கதவை