வெட்டிய ஒரு சொல்

செப்டம்பர் 9

இன்று தமிழ் வகுப்பில் மூன்றாவது பாடம். "இது மேசை. அது நாற்காலி." பதினொரு மாணவர்களும் சேர்ந்து சொன்னார்கள், நானும் சொன்னேன். ஏழு வருடமாகச் சொல்கிறேன். இந்தப் பல்கலைக்கழகம் என்னைக் கடல் தாண்டிக் கூப்பிட்டது எழுத்தாளர் என்றுதான். வந்து பார்த்தால் மேசைக்கும் நாற்காலிக்கும் பெயர் சொல்லும் வேலை. பிள்ளைகள் தங்கமானவர்கள். நான் தப்பாகச் சொன்னாலும் அதையும் அப்படியே சொல்வார்கள்.

வகுப்பு முடிந்து பார்த்தால் பதிப்பாளரின் கடிதம். நாவலின் முதல் ஐந்து அத்தியாயங்களைத் திருப்பிவிட்டார். மாமியாரும் மருமகளும் மோதும் இடத்தில் எழுதியிருக்கிறார்: "இவங்க சண்டை போடல, பாடம் ஒப்பிக்கிறாங்க. நீங்க ஒரு நல்ல சண்டையைக் காதால கேட்டு எத்தனை நாளாச்சு?"

கடிதத்தை மூடி வைத்தேன். அவர் சொன்னது உண்மை என்பதால் மறுபடி திறந்தேன்.

செப்டம்பர் 10

எங்கே போய்ச் சண்டை கேட்பேன்? பக்கத்து வீட்டுக்காரர் தும்மினால்கூட மன்னிப்புக் கேட்கிறார்.

செப்டம்பர் 14, ஞாயிறு

அம்மாவுக்கு ஃபோன். மாதம் ஒரு தடவை, பத்து நிமிடம். "சாப்டியா?" "சாப்டேன்." "குளிரா?" "குளிருதும்மா." உப்புச் சப்பில்லாத பேச்சு. அம்மா, அண்ணன், அண்ணி மூவரும் ஒரே வீடு. ஒன்பது வருடமாக அம்மாவும் அண்ணியும் ஒரே சமையலறையில் முட்டிக்கொள்ளாமல் இருக்கிறார்கள். எந்த எழுத்தாளருக்கும் இப்படி ஒரு குடும்பம் வாய்க்கக்கூடாது.

வைப்பதற்கு முன்னால், என்ன ஆகிறது பார்ப்போமே என்று ஒன்று சொன்னேன்: "நீ ரொம்ப நேரம் குளிக்கிறியாம். அண்ணி சொன்னாங்க."

அண்ணி அப்படி எதுவும் சொல்லவில்லை.

அம்மா: "ஓஹோ! என் முதுகு அழுக்குக்கும் மகாராணிகிட்ட அனுமதி வாங்கணுமா?"

நாற்காலியில் நிமிர்ந்து உட்கார்ந்தேன்.

செப்டம்பர் 28

இப்போது தினமும் ஃபோன். காலை வகுப்புக்கு முன்னால் அம்மா, மதிய இடைவேளையில் அண்ணி. காதில் இயர்ஃபோன், மடியில் கணினி, அவர்கள் பேசப் பேச நான் தட்டச்சு செய்கிறேன்.

அம்மா: "அவ கதவைச் சாத்துற சத்தமே, நீ எப்ப போவேன்னு கேக்குதுடி."

அண்ணி: "உங்கம்மா தும்மினாகூட என் பேரைச் சொல்லித்தான் தும்முவாங்க."

என்ன வாய் இரண்டு பேருக்கும்! ஒன்பது வருடம் வீணாகக் கிடந்திருக்கிறது. இவள் சொன்னதை அவளிடம், அவள் சொன்னதை இவளிடம், கொஞ்சம் காரம் சேர்த்து. பிறகு "விடும்மா, பெரியவ நீதான் பொறுத்துப் போகணும்" என்று ஆறுதல். பிள்ளையைக் கிள்ளிவிட்டுத் தொட்டிலை ஆட்டுவது என்பார்களே, அதேதான். தெரிந்தேதான் செய்கிறேன்.

அக்டோபர் 5

பதிப்பாளர்: "இப்பதான் உயிர் வந்திருக்கு! எங்கேருந்து பிடிச்சீங்க?"

கற்பனைதான் என்று பதில் போட்டேன்.

அக்டோபர் 19

எட்டாம் அத்தியாயம். மருமகள் உடைந்துபோக வேண்டிய இடம். குளியல், கதவு, பாத்திரம் எல்லாம் இதற்குப் போதாது.

அண்ணிக்கு இரண்டு தடவை கரு கலைந்தது. போன வருடம் அம்மா அதைச் சொல்லும்போது குரல் கம்மியது: "அவ ராசி அப்படி, பாவம்."

இன்று அண்ணியிடம் சொன்னேன்: "அவ ராசி அப்படின்னு அம்மா சொன்னாங்க."

பொய் இல்லை. ஒரு சொல்லைத்தான் வெட்டினேன். எழுதுகிறவர்கள் தினமும் வெட்டுவதுதான்.

அண்ணி கத்துவாள் என்று எதிர்பார்த்தேன். கத்தவில்லை. மெதுவாகச் சொன்னாள்: "ரெண்டு தடவையும் ஆஸ்பத்திரியில என் கையைப் பிடிச்சுக்கிட்டு ராத்திரி முழுக்க உக்காந்திருந்தது அவங்கதான். அப்பவும் மனசுல இதுதான் இருந்துச்சா?"

பிறகு அழுதாள். என் விரல் நிற்கவில்லை.

அக்டோபர் 20

ஆறு பக்கம். ஒரு எழுத்தைக்கூட மாற்ற வேண்டியிருக்கவில்லை.

நவம்பர் 9

அண்ணன் கூப்பிட்டான். அவனாகக் கூப்பிடுவது வருடத்தில் ஒரு தடவை.

அம்மா தனியாகப் போய்விட்டாளாம். இரண்டு தெரு தள்ளி ஒற்றை அறை, மாடியில். அண்ணி சோறு தண்ணி இல்லாமல் படுத்துவிட்டாளாம், இனிமேல் அந்த வீட்டில் ஒன்று அம்மா இருக்கவேண்டும் அல்லது தான் இருக்கவேண்டும் என்றாளாம். அம்மா மறுபேச்சுப் பேசாமல் பெட்டியைக் கட்டியிருக்கிறாள்.

"'ராசி அப்படி'ன்னு சொன்னியாம்மான்னு கேட்டேன். 'ஆமாடா, சொன்னேன்'னு சொல்லிட்டாங்க. அதுக்கு மேல வாயே திறக்கல. நீதானே காதால கேட்டவ? எப்படிச் சொன்னாங்கன்னு அவகிட்ட நீ எடுத்துச் சொல்லு. நீ ஒரு வார்த்தை சொன்னா போதும், அம்மாவைக் கூட்டிட்டு வந்துடுவேன்."

சொல்கிறேன் என்றேன்.

நான் என்ன கொலையா பண்ணிட்டேன்? ரெண்டு பொம்பளைங்க சண்டை போட்டுக்கறது உலகத்துல இல்லாததா? ஏதோ நான் வந்துதான் — சரி. நான்தான். ஆனால் அம்மா ஏன் மறுக்கவில்லை? "பாவம்னும் சொன்னேனே" என்று ஒரு வரி சொல்லியிருக்கலாமே? வீம்பு. சாகும்வரை வீம்பு.

இன்னும் நான்கு அத்தியாயம் பாக்கி. இப்போது சமாதானம் ஆகிவிட்டால் இருவரும் மறுபடி "சாப்டியா"வுக்குப் போய்விடுவார்கள். முடியட்டும், சொல்லிவிடுவேன்.

டிசம்பர் 3

வகுப்பில் ஒரு மாணவி கேட்டாள்: "டீச்சர், இப்போது நீங்கள் நிறையச் சிரிக்கிறீர்கள். ஏன்?"

டிசம்பர் 14

அண்ணன் மறுபடியும். "சொன்னியா?" தேர்வு நேரம், அடுத்த வாரம் சொல்கிறேன் என்றேன். அம்மா மாடிப்படி இறங்குவதையே விட்டுவிட்டாளாம், முழங்கால் வலி.

மாடிப்படி. பதினொன்றாம் அத்தியாயத்துக்குச் சரியாக இருக்கும்.

ஜனவரி 25

முடித்துவிட்டேன். அனுப்பியும் ஆயிற்று. பதிப்பாளர் ஒரே மூச்சில் படித்தாராம்.

கொடுத்த வாக்கைக் காப்பாற்ற வேண்டும். அண்ணியிடம் பேசுவதற்கு முன் அம்மாவிடம் சொல்லிவிடலாம் என்று கூப்பிட்டேன். "அம்மா, அன்னைக்கு அண்ணிகிட்ட நான்தான்..."

"தெரியும்டி."

"என்ன தெரியும்?"

"நான் பேசினா அந்தப் பக்கம் டக்குடக்குனு சத்தம் வரும். நான் நிறுத்தினா அதுவும் நிக்கும். எனக்குக் காது நல்லாத்தானே இருக்கு? நீ ஏதோ எழுதறேன்னு முதல் வாரமே தெரிஞ்சுபோச்சு."

"அப்ப ஏம்மா சண்டையை நிறுத்தல?"

"சும்மா இருந்தா மாசத்துக்குப் பத்து நிமிஷம் பேசுவே. சண்டைன்னா தினம் ஒரு மணி நேரம். நானும் இட்டுக்கட்டிச் சொல்ல ஆரம்பிச்சேன். அவ பாதி நாள் ஒண்ணுமே பண்ணலை, பாவம்."

மடியில் இருந்த கணினியை மூடினேன்.

"ராசின்னு சொன்னேன்தான். கூட ஒரு வார்த்தை சொன்னேன், அது எங்கடி போச்சுன்னு உன்னைக் கேக்கலாம். கேட்டா நீ வெட்டினது வெளியில வரும். அவ உன்னை ஜென்மத்துக்கும் மன்னிக்க மாட்டா. நான் கிழவி, என்மேலயே இருந்துட்டுப் போகட்டும். நீ அவகிட்ட ஒண்ணும் சொல்லிக்காதே."

ஜனவரி 26

அண்ணியிடம் சொல்லவில்லை. அம்மா சொல்லைத் தட்டக்கூடாது. நாற்பத்து மூன்று வயதில் முதல் தடவையாக அம்மா சொல்லைக் கேட்டிருக்கிறேன், நல்ல நேரம் பார்த்து.

பிப்ரவரி 17

புத்தகம் வந்துவிட்டது. அட்டையில் என் பெயர் பெரிதாக இருக்கிறது.

மார்ச் 8

ஆறு வாரம் கழித்து இன்று அம்மாவைக் கூப்பிட்டேன். பதிப்பாளர் அடுத்த நாவல் கேட்கிறார் என்றேன்.

"என்ன கதைடி?"

"தனியா ஒரு ரூம்ல இருக்கற வயசான அம்மா."

"அப்ப நான் தினம் பேசறேன். காலைல எழுந்ததுலேருந்து சொல்றேன், எழுதிக்கோ. ஒண்ணு மட்டும் கேளு. இந்தத் தடவை சீக்கிரம் முடிச்சுடாதே."

சரிம்மா என்றேன்.